திற, மூடு

ஜூன் 3, திங்கள்

நாட்குறிப்பு எழுதணுமாம். எழுதினாத்தான் சான்றிதழ் தருவாங்களாம். பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் நான் எழுதினதெல்லாம் மளிகைச் சீட்டும், கம்பெனியில 'கறை', 'ஓட்டை', 'தையல் விட்டது'ங்கற மூணும்தான். இப்ப வந்து "உங்கள் மனதில் தோன்றுவதைத் தயங்காமல் எழுதுங்கள்"ங்கறாங்க. என்ர மனசுல தோணறதை எல்லாம் எழுதினா ஃபோன் கருகிப் போயிரும்.

சரி, எழுதறேன். பேரு துளசிமணி. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. தைச்சு வர்ற பனியன்ல குறை இருக்கான்னு பார்த்துத் தள்ளணும். எங்க லைனுக்குச் சூப்பர்வைசர் வேணுமாம். "ஏதாச்சும் சான்றிதழ் கொண்டா, பார்க்கலாம்"னு மேனேஜர் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போனார். அவர் மறந்திருப்பார், நான் விடுவனா? வாட்ஸ்அப் குரூப்புல இந்தப் படிப்பு வந்துச்சு, சேர்ந்துட்டேன். 'வேலையிடத்தில் நியாயம்'னு பேரு. எந்த நாட்டுக்காரங்களும் படிக்கலாம், ஒத்தப் பைசா வேண்டாம். வெள்ளைக்காரம்மா ஒருத்தி முடியைக்கூடக் கட்டாமப் பேசிட்டிருக்கறா, கீழே தமிழ்ல எழுத்து ஓடுது. யாரோ புண்ணியவானுங்க சும்மாவே மாத்திக் குடுக்கறாங்களாம். நல்லா இருக்கட்டும்.

இந்தப் பக்கத்துக்கு மேல ரெண்டு பொத்தான் இருந்துச்சு. ஒண்ணு 'திற', இன்னொண்ணு 'மூடு'. நோட்டைத் திறக்காம எப்படி எழுதறது? 'திற'வை அமுக்கினேன், திறந்துச்சு. போதும், குழம்பு கொதிக்குது.

ஜூன் 5, புதன்

கரண்ட் இல்ல. மாவு அரைக்கல. எழுத ஒண்ணும் இல்ல. மேல கோயில் மணியாட்ட ஒரு படம் வந்து நிக்குது, அதும்பக்கத்துல சிவப்பா நம்பர். ஏதோ விளம்பரமாட்ட இருக்குது. இந்த ஃபோனுக்கு வேற சோலியே இல்ல.

ஜூன் 8, சனி

இந்த வாரப் பாடம் கதவு. நெசமாத்தான். நீங்க வேலை செய்யற இடத்தைப் படமா வரைஞ்சு, இருக்கற கதவையெல்லாம் குறிச்சு அனுப்பணுமாம். இதுக்கெல்லாமா ஒரு பாடம்னு சிரிச்சுட்டேதான் உக்காந்தேன்.

எங்களுது ரெண்டாம் மாடி. முன்னாடி படிக்கட்டு ஒண்ணு, அதுல பாதிக்கு அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். பின்னாடி ஒரு இரும்புக் கதவு. அதைத் திறந்தா வெளியே இரும்புப் படி, கீழே வேப்பமரம். வரைஞ்சுட்டு ஒவ்வொண்ணா டிக் போட்டுட்டு வந்தேன். பின்கதவுக்கு வந்ததும் கை நின்னு போச்சு. அது பூட்டித்தானே இருக்குது! முன்ன ஒருக்கா எவனோ அந்த வழியா பனியன் கட்டைக் கீழே போட்டு வண்டியில எடுத்துட்டுப் போயிட்டான். அன்னைக்குப் போட்ட பூட்டு. வேலை நேரம் பூராத் தொங்கும். சரக்கு வாங்கறவங்க பக்கமிருந்து ஆடிட்டுன்னு யாராச்சும் சோதிக்க வந்தா அன்னைக்கு மட்டும் கழட்டுவாங்க.

அந்தக் கதவுக்கு நேரா உக்காந்துதான் நான் செக்கிங் பண்றேன். ஊசிமுனை ஓட்டைகூட என்ர கண்ணுக்குத் தப்பாது. இத்தாம்பெரிய பூட்டு தப்பிருச்சு. எனக்கே கேவலமாப் போச்சு.

படத்துல அந்தக் கதவு மேல பெருக்கல் குறி போட்டு அனுப்பிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

இன்னைக்கு லீவு. கறி எடுத்து, துணி துவைச்சு, அதுக்கு நடுவுல சாவி வெச்சிருக்கறவர்கிட்ட மெதுவாக் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தப் பின்கதவைப் பூட்டாம விட்டா என்னங்க?"

"உனக்கு எதுக்கு இந்த ரோதனை? பூட்டச் சொல்றாங்க, பூட்டறேன். கம்முனு கறியை எறக்கு."

இதுக்கு மேல மறைச்சு எழுதி என்னாகுது? இதை யாரு படிக்கப் போறாங்க? சாவி எங்க வீட்டுக்காரர் மயில்சாமிகிட்டத்தான் இருக்குது. அதே கம்பெனியில கீழே குடோன் அவர் பொறுப்பு. காலைல மேல வந்து பூட்டு இருக்குதான்னு பார்ப்பார், சாயங்காலமும் இழுத்துப் பார்த்துட்டு இறங்குவார். வீட்டுக்கு வந்தா அந்தச் சாவி காலண்டர் ஆணியில தொங்கும். இப்பக்கூட எனக்கு நேராத்தான் தொங்குது. மனுசன் கெட்டவர் இல்ல. சொன்னதைச் செய்யற ஆளு, அவ்வளவுதான். அதுதான் எனக்கு ஆத்திரமே.

ஜூன் 14, வெள்ளி

இதை எழுதிட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.

டீ டைம் முடிஞ்சு உக்காந்த கொஞ்ச நேரத்துல அயர்ன் பக்கம் 'பட்'டுனு ஒரு சத்தம். வயர் கருகற நாத்தம். அப்புறம் புகை. யாரோ "தீ!"ன்னு கத்தினாங்க பாருங்க, அம்புட்டுப் பேரும் ஒரே சமயத்துல எந்திரிச்சாங்க. ஸ்டூல் விழுகுது, செருப்பு கழண்டு கெடக்குது. எல்லாம் முன்படிக்குத்தான் ஓடுச்சு. படியில பெட்டி. ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் எறங்க முடியும், ஆனா எல்லாரும் ஒண்ணா எறங்கப் பார்க்கறாங்க. ஒருத்தி கீழே விழுந்து, "அம்மா, மிதிக்காதீங்க"ன்னு அலறறா.

மமதா மட்டும் பின்கதவுக்கு ஓடினா. ஒரிசாப் பொண்ணு, எனக்குப் பக்கத்து மிஷின்ல டைலர். ரெண்டு கையாலயும் அந்தக் கதவை அடிச்சா. "அக்கா, பூட்டு! ஏன் பூட்டு? அக்கா, ஏன் பூட்டு?" அந்த நேரத்துல அவ வாயில வந்த தமிழ் அம்புட்டுத்தான். நான் அவ பக்கத்துல நின்னேன். சாவி யாருகிட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.

ஒண்ணும் ஆகல. வயர் கருகினதோட சரி. யாரோ மெயினை ஆஃப் பண்ணினாங்க, புகை ஜன்னல் வழியாப் போயிருச்சு. மேனேஜர் வந்து, "பட்டாசு வெடிச்சாக்கூட ஓடுவீங்களாட்ட இருக்குது, போய் வேலையைப் பாருங்க"ன்னார். சில பேரு சிரிச்சாங்க. எனக்கு அந்தாள் சட்டையைப் புடிச்சுக் கேக்கலாம்னு இருந்துச்சு. கேக்கல. குனிஞ்சு பனியனைப் பார்த்தேன். மமதாவோட உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்துச்சு, அதோடயே உக்காந்து தைச்சா.

எங்க வீட்டுக்காரர் அப்ப எங்க இருந்தார்னு நான் கேக்கல. அவரும் சொல்லல.

ஜூன் 15, சனி

சாவி ஆணியில இல்ல. எங்க வெச்சிருக்கறார்னு தெரியல.

ஜூன் 17, திங்கள்

ஐயோ ஐயோ. என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கறேன்!

அந்த மணி படத்தை விளம்பரம்னு நினைச்சனே, இன்னைக்குச் சாயங்காலம் கை தவறி அதும்மேல பட்டிருச்சு. பார்த்தா வரிசையா ஆளுங்க பேசியிருக்கறாங்க. எனக்குத்தான் எழுதியிருக்கறாங்க. நான் எழுதினது அம்புட்டையும் படிச்சிருக்கறாங்க! ஃபோன் தானே எல்லாத்தையும் தமிழ்ல மாத்திக் காட்டுது. என்ர பேரையும் விடல, அதையும் மாத்தி "துளசிச் செடி அக்கா"ன்னு போட்டிருக்குது.

'திற'ன்னா நோட்டைத் திறக்கறது இல்லையாம். எல்லாரும் படிக்கற மாதிரி விடறதாம். 'மூடு'ன்னா நமக்கு மட்டுமாம். அதைத் தமிழ்ல மாத்தி எழுதின மகராசி, 'எல்லாருக்கும் காட்டு'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? தாலி கட்டின ஆளுகிட்டச் சாவி இருக்குதுன்னு பேரோட எழுதி உலகத்துக்கே காட்டியிருக்கறேன்.

கோவத்துலயே மத்தவங்க வரைஞ்ச படத்தையும் பார்த்தேன். கென்யாவாம், பெருவாம், இன்னும் எந்தெந்த ஊரோ. பூப் பேக் பண்ற இடம், மீன் கம்பெனி, தையல் கம்பெனி. எல்லாப் படத்துலயும் ஏதோ ஒரு கதவு மேல பெருக்கல் குறி. உலகம் பூரா ஒரே மேனேஜர்தான் இருப்பாராட்ட இருக்குது.

ரெஹானான்னு ஒருத்தி, டாக்காவுல டைலர். அவதான் நெறைய எழுதியிருக்கறா. கதவுப் பாடத்துக்குக் கீழே, "அக்கா, கதவு திறந்ததா?" அதுக்கு மறுநாளும் அதையேதான் கேட்டிருக்கறா. தீப் புடிச்ச நாளைப் பத்தி நான் எழுதினதும் பெருசா எழுதியிருக்கறா. அவளும் அவ அக்காளும் ஒரே கம்பெனியில வேலை பார்த்திருக்கறாங்க. தீப் புடிச்சப்ப இவ கீழ்மாடி, அக்கா மேல்மாடி. மேல்மாடிக் கதவு பூட்டி இருந்திருக்குது. "சாவி வைத்திருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நல்ல மனிதர். அவர் இப்போது யாருடனும் பேசுவதில்லை. இதை நான் வேறு எங்கும் எழுதியதில்லை." அப்படின்னு முடிச்சிருக்கறா. அதுக்குக் கீழே இன்னைக்கும் ஒரு வரி. "அக்கா, கதவு திறந்ததா?"

அழுதேன். எதுக்குப் பொய் சொல்லணும், நல்லா அழுதேன்.

ஜூன் 18, செவ்வாய்

காலைல வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேனேஜர் எல்லாரையும் நிக்க வெச்சுட்டார். "எவளோ ஃபோன்ல கண்டதையும் எழுதியிருக்கறா. வேப்பமரம், ரெண்டாம் மாடின்னு அடையாளம் வேற. சரக்கு வாங்கற கம்பெனியில இருந்து 'இது உங்க யூனிட்டா'ன்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை ஆடிட். கதவைப் பத்திக் கேட்டா, எப்பவும் திறந்துதான் இருக்கும்னு சொல்லணும். வாயை விட்டா ஆர்டர் போகும். ஆர்டர் போனா எல்லாரும் வீட்டுக்குத்தான்." அவர் கையில இருந்த காயிதத்துல படம் மட்டும் இருந்துச்சு, நான் வரைஞ்ச படம். பேரு இருந்த பக்கம் அவர் கைக்கு வரலையாட்ட இருக்குது. வந்திருந்தா அங்கயே கூப்பிட்டிருப்பார்.

அப்புறம் குடோனுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கறார். "மயில்சாமி, கதவு விஷயம் பெருசாச்சுன்னா சாவி உன்ர பொறுப்பு. நான் பூட்டச் சொன்னேன்னு எங்கயும் எழுதி இல்ல. பார்த்துக்க."

வீட்டுக்கு வந்ததும் நானே ஃபோனை நீட்டிட்டேன். அவர் நின்ன வாக்குலயே படிச்சார். என்னோடதைப் படிச்சார், அந்த டாக்காப் புள்ளை எழுதினதையும் படிச்சார். மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"அழிச்சிரு, துளசி."

"நீங்க பூட்டினது தப்புன்னு எழுதலீங்க, பூட்டச் சொன்னது..."

"சாவி என்கிட்ட இருக்குதுன்னு என்ர பேரைப் போட்டு நீயே எழுதி வெச்சிருக்கற. நாளைக்கு அந்தாள் இதையே எடுத்துக் காட்டுவான். நான் ஜெயிலுக்குப் போறதா?"

அவர் சொல்றது பொய் இல்ல. கதவு பூட்டியிருக்குதுன்னு நான் எழுதினதே, பூட்டினவனைக் காட்டிக் குடுக்குது. சொல்லிப் பூட்ட வெச்சவன் எங்கயும் வரல.

ஜூன் 19, புதன்

'மூடு'வை அமுக்கிட்டேன். ரெஹானா எழுதினதெல்லாம் என்ர பக்கத்துல இருந்து போயிருச்சு. மணிப் பக்கத்துல நம்பரும் இல்ல.

இப்ப இதை யாரும் படிக்க மாட்டாங்க. நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன், மண்ணாங்கட்டி.

ஜூன் 21, வெள்ளி

ஆடிட் முடிஞ்சுது.

காலைலயே பூட்டைக் கழட்டிக் கதவை விரியத் திறந்துட்டாங்க. படியில இருந்த பெட்டியெல்லாம் மாயமாப் போச்சு. என்ன காத்துங்கறீங்க! வேப்பிலை பறந்து வந்து என்ர மேசை மேல விழுந்துச்சு. இத்தனை வருஷமா இந்தக் காத்தையுமா பூட்டி வெச்சிருந்தாங்கன்னு நினைச்சேன்.

ஆடிட்டர் ஒரு பொம்பளை, நல்லாவே தமிழ் பேசினாங்க. ஒவ்வொருத்தரா மேசைக்கு வந்து கேட்டாங்க. மேனேஜர் தூரத்துல நின்னு ஃபோனைப் பார்க்கற மாதிரிப் பாவனை பண்ணிட்டு இருந்தார். மமதாகிட்டக் கேட்டப்ப அவ, "தமிழ் நஹி"ன்னுட்டா. என்னைத் திட்டறப்ப மட்டும் அந்தப் புள்ளைக்குத் தமிழ் எங்க இருந்துதான் வருமோ. பொய் சொல்லப் புடிக்காம அப்படிச் சொன்னான்னு எனக்குத் தெரியும்.

அப்புறம் என்கிட்ட வந்தாங்க.

"இந்தக் கதவு வேலை நேரத்துல எப்பவும் திறந்திருக்குமாம்மா?"

குடோன்ல இருந்து எங்க வீட்டுக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கிட்டு மேல வந்தவர், அங்கயே நின்னுட்டார்.

"எப்பவும் திறந்துதானுங்க இருக்கும்"னேன். தடுமாறாமச் சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டாங்க. மமதா என்னை ஒரு பார்வை பார்த்தா. அவ என்னைச் செருப்பால அடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல.

மேனேஜர் போறப்ப, "சான்றிதழ் எப்ப வருது துளசிமணி? சூப்பர்வைசர் வேலை உனக்குத்தான்"னு பல்லைக் காட்டிட்டுப் போனார். ஏதோ படிக்கறேன்னு மட்டும் முன்னயே அவர்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். 'வேலையிடத்தில் நியாயம்'. நல்ல சான்றிதழ்தான் வாங்கப் போறேன்.

வீட்டுல நான் வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். அவர் வந்து வாசப்படியில உக்காந்தார். "நாளைல இருந்து மறுபடியும் பூட்டச் சொல்லிட்டான்"னார்.

நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்தேன்.

"அந்த டாக்காப் புள்ளைக்கு என்ன பதில் சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. மூடிட்டேனுங்க. நீங்க சொன்னீங்கன்னுதான்."

அவர் தரையைப் பார்த்துட்டே சொன்னார். "அன்னைக்குப் புகை வந்தப்ப நான் ஓடி வந்தேன், துளசி. முன்படியில ஏறவே முடியல, எல்லாரும் எறங்கறாங்க. சரின்னு பின்பக்கம் ஓடி இரும்புப் படியில ஏறினேன். மேல வந்தா, பூட்டு உள்பக்கம். சாவி என்ர கையில இருக்குது. நீ உள்ள இருக்கற. அந்தப் பொண்ணு கதவைத் தட்டறது கேக்குது. நான் இந்தப் பக்கம் சாவியை வெச்சுட்டு நிக்கறேன்."

நான் வெங்காயத்தை அப்படியே போட்டுட்டு அவர் பக்கத்துல போய் உக்காந்தேன். கல்யாணம் ஆனதுல இருந்து அவர் அழுது நான் பார்த்ததில்ல.

ஜூன் 22, சனி

காலைல அவர் பூட்டல.

டீ டைமுக்கு மேனேஜர் மேல வந்தார், கதவைப் பார்த்தார், கீழே பார்த்துக் கத்தினார். "மயில்சாமி! ஏய்!" அவர் வந்தார். பூட்டும் சாவியும் கையிலயே இருந்துச்சு. நேராப் போய் மேனேஜருக்கு முன்னாடி என்ர செக்கிங் மேசை மேல, பனியனுக்கு நடுவுல வெச்சார்.

"நீங்களே பூட்டிக்குங்க சார். ஆனா பூட்டிட்டு நீங்களும் இங்கயே, உள்ளயே உக்காருங்க. சாயங்காலம் வரைக்கும். தினமும்."

ஒரு மிஷினும் ஓடல. நான் ஆடிட்டர்கிட்டப் பொய் சொன்னதுல இருந்து என்கூடப் பேசாம இருந்த மமதா எந்திரிச்சு, பெரிய பனியன் கட்டு ஒண்ணை இழுத்துட்டுப் போய்க் கதவை மூட முடியாதபடி நெலைக்கு நடுவுல போட்டா. அதைப் பார்த்து இன்னும் ரெண்டு பேரு கட்டைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. எனக்கு எங்க இருந்து அவ்வளவு சத்தம் வந்துச்சோ.

"ஏய், எடுங்கடி! வழியை மறிக்கக் கூடாதுன்னு பாடத்துலயே இருக்குது! படியில பெட்டி அடுக்கறவனுக்கும் உங்களுக்கும் என்னடி வித்தியாசம்?"

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. மேனேஜர் மட்டும் சிரிக்கல. "எந்தப் பாடம்?"னு கேட்டார். அப்பத்தான் புரிஞ்சுது அவருக்கு. எனக்கும் அப்பத்தான் புரிஞ்சுது, நான் சொல்லிட்டேன்னு.

"நான் படிக்கற பாடமுங்க சார். கதவைப் பத்தி எழுதினதும் நான்தான். பூட்டச் சொன்னது நீங்கதான்னு எழுதாம விட்டுட்டேன், அது ஒண்ணுதான் தப்பு."

பனியன் கட்டு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா மமதா கட்டிங் வேஸ்ட் துணியை நீளமாக் கிழிச்சு, கதவை வெளிப்படிக் கைப்பிடியோட சேர்த்துக் கட்டினா. ஆளுக்கொரு துணி, ஆளுக்கொரு முடிச்சு. மஞ்சள், சிவப்பு, ஏற்றுமதிக்குப் போற கலரெல்லாம் அதுல இருக்குது. அதை அவுக்கணும்னா அந்தாளுக்கு ஒரு நாள் ஆகும்.

எங்க வீட்டுக்காரரைத் திங்கக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. என்னைப் பத்தி இன்னும் சொல்லல. எறங்கறப்ப மமதா என்ர கையைப் புடிச்சுட்டே வந்தா. "அக்கா, நல்லா திட்டறே"ன்னா.

ஜூன் 23, ஞாயிறு

துணி துவைச்சாச்சு. கறி எடுக்கல, இனிமே பார்த்துத்தான் செலவு பண்ணணும். காலண்டர் ஆணியில காலண்டர் மட்டும் தொங்குது.

அவர் பக்கத்துல வந்து உக்காந்து, "என்ர பேரைச் சரியாப் போட்டிருக்கறயா?"ன்னு கேட்டார். "மயில்சாமின்னு எழுது. பூட்டினது நான்னு எழுது. பூட்டச் சொன்னது யாருன்னும் எழுது. இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது?"

எழுதியாச்சு. ஒரு வரியும் அழிக்கல. வெள்ளிக்கிழமை ஆடிட்டர்கிட்ட நான் சொன்ன பொய்யும் அப்படியே கெடக்குது. சான்றிதழ் குடுத்தாக் குடுக்கட்டும், குடுக்காட்டிப் போகட்டும்.

இப்ப மேல இருக்கற அந்த ரெண்டு பொத்தானையும் நல்லாப் பார்த்தேன். இந்தத் தடவை அர்த்தம் தெரிஞ்சேதான் அமுக்கினேன். 'திற'.

போயிருந்த ரெஹானா எழுத்தெல்லாம் திரும்பி வந்துச்சு, அவ அக்காளைப் பத்தி எழுதினதும். கடைசியா, நான் மூடறதுக்கு முன்னாடி அவ கேட்டது அப்படியே நிக்குது.

ரெஹானா, துளசிச் செடி அக்கா பேசறேன். கதவு நேத்துத் திறந்துச்சு, சாயங்காலம் வரைக்கும் திறந்தே இருந்துச்சு. நாளைக்கு இருக்குமான்னு தெரியாது. நாளைக்கு என்னை உள்ள விடுவாங்களான்னும் தெரியாது. நீ கேக்கறதை மட்டும் நிறுத்திராத, கண்ணு. நாளைக்கும் கேளு.